ஆறு வயதுக்குத் துக்கம் இல்லை

"ஏறிட்டே அக்கா! தொகையில ஏறிட்டே!"

என் தம்பி அரிஹிரா இளவரசியாரின் மாளிகைத் தாழ்வாரத்தில் கத்திக்கொண்டே ஓடிவந்தான். ஒரு காலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பணிப்பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் அந்த ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்?

இந்தத் தலைநகரில் பேரரசின் பாட்டுத் தொகையில் ஒரே ஒரு பாட்டு ஏறுவதற்காக மனிதர்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆயுளில் பாதியை எடுத்துக்கொள் என்று பாட்டுக் கடவுள் சுமியோஷியிடம் நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. ஏறாமலே செத்தவர்களின் பிள்ளைகள் அப்பாவின் பாட்டைத் தூக்கிக்கொண்டு தொகுப்பவர் வாசலில் காய்ந்து கிடப்பார்கள். எங்கள் அப்பா தாஜிமா நாட்டுக்கு ஆளுநராக இருந்தவர். அந்த ஊர்ப் பெயரையே மாளிகையில் எனக்கும் வைத்துவிட்டார்கள், நான் தாஜிமா. பெண்களுக்குச் சொந்தப் பெயர் எதற்கு, அப்பன் பதவி போதாதா? அந்த அப்பாவின் பாட்டு ஒன்றுகூட ஏறவில்லை. சாகும்போதும் அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டேதான் போனார்.

அரிஹிரா தொகை மன்றத்தில் எழுத்தர். தேர்ந்தெடுத்த பாடல்களைச் சுருளில் நல்ல எழுத்தில் படியெடுப்பது அவன் வேலை. என் பாட்டு வந்த இடத்தை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். பிரித்தேன்.

முதலில் சுருளின் பெயர் கண்ணில் பட்டது. காதல், மூன்றாம் சுருள். அடுத்து பாட்டுக்கு மேலே நிற்கிற தலைக்குறிப்பு: "வருவதை நிறுத்திவிட்ட ஹரிமா ஆளுநர் கியோசுமிக்கு அனுப்பியது. இளவரசியார் மாளிகை தாஜிமா." அதற்குக் கீழே என் பாட்டு:

பனி நனைத்த
என் அங்கிக் கையைப்
பிடித்து வந்த கை எங்கே?
வயல்வரப்பு மட்டும்
போன வருஷம் போலவே ஈரம்.

அதற்கும் கீழே "கியோசுமியின் பதில்" என்று ஒன்று:

பிடித்த கை
பிடித்தபடிதான் இருக்கிறது;
வராதது கால்தான்.
ஹரிமாக் கடலில்
அலை அதிகம்.

அந்தக் கியோசுமி கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டு என் மகளுக்கு எழுதியது. மூன்று வருஷத்துக்கு முன் அம்மை வந்த இலையுதிர்காலத்தில் போய்விட்டாள். ஆறு வயது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வரப்பில் விழுந்துவிடாமல் இருக்க என் அங்கியின் விளிம்பை, கீழே தரையோடு இழுபடுகிற விளிம்பை, இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவாள். நான் எழுதியது "அங்கி விளிம்பை". "அங்கிக் கையை" இல்லை. யாரோ என் பாட்டுக்குள் புகுந்து ஒரு சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, என் குழந்தை இருந்த இடத்தில் ஒரு தடியனை நிறுத்தியிருக்கிறான்.

"அரிஹிரா, இது யாரு எழுத்துடா?"

"என்னக்கா?"

"சுருள்ல இதை யாரு எழுதினதுன்னு கேக்கறேன்."

அவன் வாயெல்லாம் பல்லாக இருந்தவன், பல்லை உள்ளே இழுத்துக்கொண்டான். "நான்தான் எழுதினேன். எழுதுன்னாங்க, எழுதினேன்."

"எழுதுன்னாங்களா? அவ உன் மருமகடா! நீ தாய்மாமன்டா! அவளுக்கு முதல் பாவாடை கட்டிவிட்ட அன்னிக்கு அவளைத் தோள்ல தூக்கிட்டு ஊரெல்லாம் காட்டினது நீதானே? அந்தக் கையாலயா எழுதினே?"

"மெதுவா பேசுக்கா, எல்லாரும் கேக்கறாங்க."

"கேக்கட்டும்! நல்லா கேக்கட்டும்!"

அவன் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, பேரம் பேசுகிற குரலில் விளக்கினான். தொகுப்பாசிரியர் மிச்சிசுகேயின் கடைசி மகளைக் கட்டியவன் இந்தக் கியோசுமி. ஹரிமாவில் கொழுத்த பதவி, தலைநகரில் பெரிய வீடு, எல்லாம் உண்டு. பாட்டு மட்டும் வராது. அவன் பாட்டைத் தனியாகப் போட்டால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். ஆனால் நல்ல பாட்டு ஒன்றுக்குப் பதில் என்று பக்கத்தில் ஒட்டிவிட்டால், முன்னதின் தயவில் பின்னதும் உள்ளே வந்துவிடும். யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கு ஒரு பெண்ணின் நல்ல பாட்டு வேண்டியிருந்தது. கேட்பாரில்லாத பெண்ணாக இருந்தால் இன்னும் வசதி.

"எப்படியோ ஏறிடுச்சில்ல?" என்றான் தம்பி. "அப்பாவுக்குக் கிடைக்காதது. நம்ம வீட்டுக்கு முதல் பாட்டு. நீ வாயைத் திறக்காம இருந்தா அடுத்த தொகையில எனக்கும் ஒரு வழி பிறக்கும்னு சொல்லியிருக்காங்க."

"அப்படிச் சொல்லு! இப்ப வெளிய வருது பூனைக்குட்டி."

அவனை அனுப்பிவிட்டு மாட்டு வண்டியைக் கட்டச் சொன்னேன்.

தொகை மன்றத்தின் பெரிய கூடத்தில் காகிதத் துண்டுகளை வரிசை வரிசையாகத் தரையில் பரப்பியிருந்தார்கள். ஒரு துண்டில் ஒரு பாட்டு. மிச்சிசுகே காலுறையோடு அவற்றுக்கிடையில் கொக்கு மாதிரி அடி வைத்து நடந்துகொண்டிருந்தார். கிழவருக்கு நல்ல கண், அதை மறுக்க மாட்டேன். எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் எது உட்கார்ந்தால் இரண்டும் மின்னும் என்று அவருக்குத்தான் தெரியும். பனியிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து விடியலுக்கு என்று ஒரு சுருள் முழுவதையும் ஒரே பாட்டு போல ஓடவிடுவார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இந்த வேலை பார்த்திருக்கிறார்.

எனக்கு மூங்கில் திரை போட்டார்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவதுதான் எங்கள் வழக்கம்.

"வாங்க தாஜிமா அம்மா," என்றார். "சந்தோஷம்தானே? உங்க பாட்டு அந்த இடத்துல எப்படி உக்காந்திருக்கு பாத்தீங்களா? முன்னாடி பனி, பின்னாடி விடியல். அளவெடுத்துத் தச்ச மாதிரி."

"அது காதல் பாட்டு இல்லைங்க ஐயா. என் மகளுக்கு எழுதினது. அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும், தெரியும். அப்பவே கேள்விப்பட்டேன். பாவம்."

"தெரிஞ்சேதானா?"

"அம்மா, தொகைன்னா பாட்டைத் திருத்தறதும் இடம் மாத்தறதும் உண்டுதான். எங்க அப்பா காலத்துலயும் உண்டு, அவங்க அப்பா காலத்துலயும் உண்டு."

"இடம்தானே? இரங்கல் சுருள்ல போடுங்க. என் சொல்லை எனக்குத் திருப்பிக் கொடுங்க. 'ஆறு வயது மகளை இழந்தபோது எழுதியது'ன்னு மேல எழுதுங்க. வேற ஒண்ணும் கேக்கலை நான்."

கிழவர் நடப்பதை நிறுத்தினார். குரலில் ஒரு கனிவு வந்தது. அந்தக் கனிவைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"முடியாதும்மா. சட்டம் இடம் கொடுக்காது. ஏழு வயசுக்கு உள்ள போன குழந்தைக்குத் துக்கம் கிடையாது. தீட்டு கிடையாது, கறுப்பு உடுத்தறது கிடையாது, சடங்கு கிடையாது. அது இன்னும் தெய்வத்தோட சொத்து, தெய்வம் திருப்பி எடுத்துக்கிச்சு, அவ்வளவுதான். துக்கமே இல்லாத சாவுக்கு இரங்கல் சுருள்ல எப்படி இடம் கொடுக்கறது? அங்க பேரரசிகள் இருக்காங்க, மந்திரிகள் இருக்காங்க. நாளைக்கு எவனாவது குத்தம் கண்டுபிடிச்சா தொகைக்கே அவமானம்."

எனக்கா அந்தச் சட்டம் தெரியாது? அவள் செத்த அதே வாரத்தில் இளவரசியார் நிலா விருந்து வைத்தார். துக்கம் இருந்தால்தானே விடுப்பு? நான் செம்பழுப்பும் மஞ்சளுமாக உடுத்திக்கொண்டு, பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு, நிலாவை அழகு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு முழத் துணிகூட நான் உடுத்த அனுமதியில்லை. எவளோ தூரத்து அத்தை செத்ததற்கு மூன்று மாதம் கறுப்பு கட்டிக்கொண்டு மினுக்கியவளெல்லாம் என் பக்கத்திலேயே இருந்தாள். அப்போது எனக்கு மிச்சமிருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். அவளுக்குச் சமாதி இல்லை, நினைவுப் பலகை இல்லை, எந்தக் கோயில் ஏட்டிலும் ஒரு எழுத்து இல்லை. தலைக்குறிப்பில் "மகள்" என்று ஒரு சொல் நின்றிருந்தால், இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதற்கு அது ஒன்றாவது சாட்சி.

"அப்ப எடுத்துடுங்க," என்றேன். "பாட்டே வேண்டாம்."

"நல்ல எழுத்துல ஏறியாச்சு. ஒட்டியாச்சு. பெரியவர் பார்வைக்கும் போயிட்டு வந்தாச்சு. உங்க பிடிவாதத்துக்காகச் சுருளை வெட்ட முடியுமா?"

முடி துறந்த பேரரசரைத்தான் நாங்கள் பெரியவர் என்போம். தொகை அவர் கட்டளையில்தான் உருவாகிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் கியோசுமி உள்ளே வந்தான். உருண்டை முகம், வாசனைப் பொடி வாசல்வரை அடித்தது. மாமனார் கண்ணைக் காட்டியும் புரியாமல் என் திரைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மணி, என் பேரோட சேர்ந்து உங்க பேரு காலாகாலத்துக்கும் நிக்கப் போகுது. வருத்தப்படாதீங்க, ஊரு நம்மளைப் பத்திக் கொஞ்சம் பேசும். பேசட்டுமே! என் சம்சாரமே ஒண்ணும் சொல்லலை."

திரையை ஒரே இழுப்பில் விலக்கினேன். அவன் பின்னால் சாய்ந்தான். எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் தம்பியும் ஒரு மூலையில் இருந்தான்.

"நல்லா பாத்துக்கங்க ஆளுநரே, இதுதான் என் முகம். இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா? நான் எழுதினது அங்கி விளிம்பு. தரையோட போற விளிம்பு. அதைப் பிடிச்சுக்கிட்டு என் பின்னாடி வந்தது நீங்கன்னா, தவழ்ந்தா வந்தீங்க? மூக்கு ஒழுகிட்டே வந்தீங்களா? வழியில தும்பி பிடிச்சுத் தரச் சொல்லி அழுதீங்களா?"

எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினான். கியோசுமி மாமனாரைப் பார்த்தான். "என்னங்க மாமா இது? ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"போதும்," என்றார் மிச்சிசுகே. கனிவெல்லாம் போய்விட்டது. "வீட்டுக்குப் போங்கம்மா. நாளான்னிக்குப் பெரியவர் மாளிகையில தொகைக்கான விருந்து. இளவரசியாரோட நீங்களும் வரணும். நல்லா உடுத்திக்கிட்டு வந்து, அடக்கமா உக்காந்துட்டுப் போங்க."

போகும்போது தம்பியைப் பார்த்தேன். அவன் தலையைத் தூக்கவே இல்லை. மையை அரைத்துக்கொண்டிருந்தான், அரைத்துக்கொண்டே இருந்தான்.

வண்டியில் நான் அழவில்லை. துக்கம் கிடையாதாம். தெய்வத்தின் சொத்தாம். தெய்வமா பத்து மாதம் சுமந்தது? தெய்வமா அம்மைக் கொப்புளத்தில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது? சட்டத்தை என் முகத்தில் விட்டெறிந்தாரே கிழவர், அதே சட்டத்தைத் திருப்பி அவர் முகத்தில் விட்டெறிந்தால் என்ன என்று நாற்சந்தி திரும்பும்போது தோன்றியது.

விருந்துக்கென்று இளவரசியார் கொடுத்திருந்த இளஞ்சிவப்பு அங்கிகளில் ஒன்றை எடுத்துக் கருஞ்சாயத்தில் முக்கினேன். பட்டு குடித்தது. பிழிந்து உலர்த்தினபோது கறுப்பேறிய சாம்பல் நிறம், தாய் செத்தால் உடுத்துவோமே, அந்த நிறம். சாயம் போடுகிற பெண் பயந்துபோய், "யாருக்கும்மா?" என்றாள். "எனக்குத்தான்," என்றேன்.

விருந்தன்று பெரியவரின் மாளிகையில் மந்திரிகள் ஒரு பக்கம், கவிஞர்கள் ஒரு பக்கம். நாங்கள் மூங்கில் திரைக்குப் பின்னால். எங்கள் அங்கிக் கைகளை மட்டும் திரைக்கு அடியில் வெளியே தெரியும்படி பரப்பி வைக்கவேண்டும். சிவப்பு, பச்சை, ஊதா என்று வரிசையாக. விருந்துக்கு அழகு அதுதான். முகம் வேண்டாம், துணி போதும். நான் சாம்பல் அங்கிக்கு மேலே இளஞ்சிவப்பை உடுத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

ஓதுபவர் ஒவ்வொரு சுருளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் படித்தார். வசந்தம் போயிற்று. இலையுதிர்காலம் போயிற்று. அரிசி மது ஒரு சுற்று வந்தது, சுட்ட மீன் வந்தது. காதல் மூன்றாம் சுருளை விரித்தார்கள். ஓதுபவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வருவதை நிறுத்திவிட்ட ஹரிமா ஆளுநர் கியோசுமிக்கு அனுப்பியது" என்று இழுத்தார். கியோசுமி விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு வெட்கப்பட்டான். வெட்கப்பட்டான், கேட்டீர்களா!

நான் மேலங்கியைக் கழற்றிப் பின்னால் போட்டேன். சாம்பல் கையைத் திரைக்கு அடியில் முழுசாக வெளியே தள்ளினேன்.

முதலில் பார்த்தது எதிரே இருந்த மந்திரி. அவர் கையிலிருந்த கிண்ணம் கவிழ்ந்தது. "தீட்டு!" என்றார். அவ்வளவுதான், கூடமே கலைந்த தேன்கூடு மாதிரி ஆகிவிட்டது. துக்க வீட்டிலிருந்து வந்தவள் நடுவில் உட்கார்ந்திருந்தால் அங்கிருந்த எல்லாருக்கும் தீட்டு. அவரவர் வீட்டுக்குப் போய் நாள்கணக்கில் கதவடைத்துக் கிடக்கவேண்டும். தொகையும் தீட்டுப்பட்ட தொகை. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். என் பக்கத்திலிருந்த பெண்கள் தங்கள் பட்டை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"யாரும்மா அது?" பெரியவரின் குரல். "யார் வீட்டுல சாவு?"

"இளவரசியார் மாளிகை தாஜிமா. என் மக செத்துட்டா, பெரியவரே."

மிச்சிசுகே உட்கார்ந்த இடத்திலிருந்து எகிறிக் குதித்தார். அந்த வயதில் அப்படிக் குதிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. "தீட்டு இல்லை! உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க! தீட்டே இல்லை! இது மூணு வருஷம் முன்னாடி நடந்தது!"

"மூணு வருஷமா?" என்றார் மந்திரி. "இப்ப எதுக்கு இந்தக் கறுப்பு? வேற யாரோ செத்திருக்காங்க. நான் கிளம்பறேன்."

"யாரும் சாகலைங்க! அந்தக் குழந்தைதான்! ஆறு வயசுங்க அதுக்கு, ஆறு வயசுக்குச் சட்டத்துல துக்கமே கிடையாது! எனக்கு நல்லா தெரியும்! இந்தப் பாட்டுகூட அந்தக் குழந்தைக்கு எழுதினதுதான்..."

வாயை மூடிக்கொண்டார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

பெரியவர் மெதுவாகக் கேட்டார். "எந்தப் பாட்டு?"

ஓதுபவருக்கு முன்னால் விரிந்திருந்த சுருளைப் பார்த்தார்.

"இப்பப் படிச்சாரே, அந்தப் பாட்டா? ஆறு வயசுக் குழந்தைக்கு எழுதினதா? அப்ப கியோசுமி யாருக்குப் பதில் எழுதினான்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தான். பிறகு இன்னொருவன். கியோசுமி தட்டிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது எழுந்து பதில் சொல்லும் என்று எதிர்பார்த்தவன் போல. பெரியவர் எழுத்தர்கள் பக்கம் திரும்பினார். "எழுதினவன் யாரு?"

என் தம்பி முன்னால் வந்து நெற்றி தரையில் பட விழுந்தான்.

"உனக்குத் தெரியுமா இது?"

நான் திரைக்குப் பின்னால் காத்திருந்தேன். ஆமாம், அவள் என் மருமகள் என்று ஒரு வார்த்தை சொல்லு. இப்போதாவது சொல்லு. அவன் எழுந்திருக்காமல், "கொடுத்ததை எழுதினேன், பெரியவரே" என்றான்.

"ரெண்டையும் வெட்டி எடுத்துடு," என்றார் பெரியவர். "இப்பவே."

தீர்ப்பு அவ்வளவுதான். சரியான சொல்லோடு, சரியான குறிப்போடு இரங்கல் சுருளில் போடு என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் நினைத்தால் சட்டம் என்ன, மலையே நகரும். அவருக்கு விருந்து நடக்கவேண்டும். கத்தியைக் கொண்டுவந்தார்கள். தம்பி சுருளை விரித்து, என் பாட்டுக்கு மேலே ஒரு வெட்டு, கியோசுமியின் பாட்டுக்குக் கீழே ஒரு வெட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பசை தடவி விரலால் நீவினான். கெட்டிக்காரன். மூட்டு எங்கே என்று தெரியவில்லை. பனிப் பாட்டுக்கு அடுத்து நேராக விடியல் பாட்டு வந்து உட்கார்ந்துவிட்டது, நடுவில் யாருமே இருந்ததில்லை என்கிற மாதிரி.

என்னை எழுந்து போகச் சொன்னார்கள். மாளிகைக்கும் இனி வரவேண்டாம் என்று இளவரசியாரின் ஆள் வந்து காதில் சொன்னாள். சரி என்றேன். திரைக்கு வெளியே இருந்தவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள், மது மறுபடியும் வந்தது. தீட்டா இல்லையா என்று கேட்டார்கள். சட்டம் என்ன என்று கேட்டார்கள். பாட்டு யாருக்கு, பதில் யாருக்கு, எழுதியவன் யார் என்று எல்லாம் கேட்டார்கள். இறந்தவளின் பெயர் என்ன என்று அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றேன்.

"அவ பேரு சசா," என்றேன்.

ஓதுபவர் அதற்குள் விடியல் பாட்டைத் தொடங்கிவிட்டார். நான் அவர் குரலுக்கு மேலே, இன்னும் சத்தமாக, இன்னொரு முறை சொன்னேன்.